சவரிமுத்துவின் வீடு எது?

உங்கள் குடும்பத்தில் ஒரு சவரிமுத்து இருந்தாரா? பாட்டனார், பூட்டனார், தாய்மாமன் என்று யாராவது ஒருவர் இருந்திருப்பார். சவரிமுத்து இல்லையென்றால் ஒரு சவரியம்மாள்; அவரும் இல்லையென்றால் சவேரி, சவரிராயன், சேவியர். கண்டியைச் சுற்றியுள்ள தோட்டத்துக் கோயில்களில் இந்தப் பெயர் ஒலிக்காத கோயிலை நான் கண்டதில்லை.

சென்ற ஆண்டு ஹேவாஹெட்டைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஏற்பாடாகியிருந்தது. அதற்கு முந்திய கிழமை அந்தக் குடும்பத்தில் ஒரு வாக்குவாதம். குழந்தையின் பாட்டனார், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தொழிலாளி, தம்முடைய பாட்டனாரின் பெயராகிய சவரிமுத்துவையே பிள்ளைக்கு இட வேண்டுமென்று நின்றார். தகப்பனோ கண்டி நகரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன். "அந்தப் பேரைச் சொன்ன உடனேயே தோட்டத்துப் புள்ளைன்னு தெரிஞ்சிரும் அப்பா. சேவியர்னு வைப்போம்" என்றான். அவனுக்கு ஒரு காலத்தில் நான் பாடம் சொல்லிக் கொடுத்தவன் என்பதால் தீர்ப்புக் கேட்டு என்னிடம் வந்தார்கள்.

"இரண்டும் ஒரே பெயர்தானே" என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். பெரியவர் விடவில்லை. "ஒரே பேருன்னா அதுக்கு அர்த்தம் என்னாங்க மாஸ்டர்?" என்றார். சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை இதை எழுத வைத்தது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அர்த்தத்தைப் பார்ப்போம்.

ஸ்பானியாவுக்கும் பிரான்சுக்கும் இடையே பிரனீஸ் மலைத்தொடர் கிடக்கிறது. அதன் மேற்குப் பகுதியில் வாழும் பாஸ்கு மக்களின் மொழி, சுற்றிலும் பேசப்படும் ஸ்பானியம், பிரெஞ்சு முதலிய எந்த மொழியோடும் உறவில்லாத ஒரு தனிமொழி. அம்மொழியில் 'எத்சே' என்றால் வீடு. 'பெர்ரி' என்றால் புதிது. இரண்டும் சேர்ந்தால் எத்சேபெர்ரி, அதாவது புதுவீடு. எச்செவெரியா, எச்செவெரி, சாவாரி என்றெல்லாம் இன்று உலகெங்கும் வழங்கும் குடும்பப் பெயர்கள் இந்த ஒரே வேரிலிருந்து முளைத்தவை. நவாரா நாட்டில் ஒரு மூலையில் இந்தப் பெயரோடு நின்ற ஒரு கோட்டைவீட்டின் பெயர், முன்னெழுத்துத் தேய்ந்து, நடுவெழுத்து மாறி 'ஷாவியேர்' ஆயிற்று. பிற்காலத்தில் ஸ்பானியரின் நாக்கில் அந்த 'ஷ' ஒலி தொண்டைக்குள் போய்விட்டது. அவர்கள் இன்று 'ஹவியேர்' என்கிறார்கள். போர்த்துக்கீசர் பழைய ஒலியை விடவில்லை. முத்துக்குளித்துறையில் நம் முன்னோர் கேட்டது போர்த்துக்கீசர் உச்சரித்த ஷாவியேரைத்தான். தமிழ் நாக்கு அதைச் சவேரி ஆக்கி, மரியாதைக்கு 'ஆர்' விகுதி சேர்த்துச் சவேரியார் ஆக்கி, செல்லத்துக்கு 'முத்து' சேர்த்துச் சவரிமுத்து ஆக்கிக்கொண்டது.

ஆகவே சவரிமுத்து என்பதை அப்படியே தமிழில் சொன்னால் 'புதுவீட்டு முத்து'.

ஒரு வீட்டின் பெயர் எப்படி மனிதனுக்குப் பெயராயிற்று என்று கேட்பீர்கள். பாஸ்கு நாட்டில் வழக்கமே அதுதான். நாம் ஒரு வீட்டைக் கட்டிவிட்டு அதற்குப் பெயர் வைக்கிறோம். அங்கே வீடு மனிதனுக்குப் பெயர் வைத்தது. மேட்டில் இருக்கும் வீட்டில் பிறந்தவன் கொய்கோஎத்சேயா, ஊற்றுப் பக்கத்து வீட்டான் இத்தூரால்தே, கோயிலை அடுத்த வீட்டான் எலிசால்தே. தென்னமெரிக்க நாடுகளை விடுவித்த பொலிவாரின் பெயரும் அந்த நாட்டு ஊர்ப்பெயர்தான்; ஆலை இருந்த பள்ளத்தாக்கு என்று பொருள் சொல்வார்கள். புனித இஞ்ஞாசியாரின் லொயோலாவும் ஒரு வீட்டின் பெயரே. வீட்டுக்கு மகளே வாரிசானால், அவளை மணந்து வந்த மாப்பிள்ளையும் அந்த வீட்டுப் பெயரால் அழைக்கப்படுவதுண்டு. தகப்பன் வழி, தாய் வழி என்ற கண்டிப்பு அங்கே அவ்வளவாக இல்லை. எந்தக் கூரையின் கீழ் நின்றாயோ அதுவே உன் பெயர்.

1506ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் திகதி அந்தப் புதுவீட்டில் பிறந்த கடைசிப் பிள்ளைதான் பிரான்சிஸ். தகப்பனார் சட்டம் படித்து நவாரா அரசரின் ஆலோசனைச் சபைக்குத் தலைவரானவர். அவருடைய பெயர் யுவான் தெ யாசோ. தாயார் மரியா தெ அஸ்பில்குவேத்தா. கோட்டைவீடு தாயார் வழியில் வந்த சொத்து. மகன் தகப்பனின் யாசோவை எடுக்காமல் அந்த வீட்டின் பெயரை எடுத்துக்கொண்டார். அவருடைய தமையன்மாரில் ஒருவர் மிகேல் தெ ஹவியேர், மற்றவர் யுவான் தெ அஸ்பில்குவேத்தா. ஒரு தாய் வயிற்றில் பிறந்த சகோதரருக்கு வேறு வேறு குடும்பப் பெயர்! இன்றைக்கு நம் கந்தோர்களில் இப்படி ஒரு குடும்பம் விண்ணப்பம் கொடுத்தால் என்ன பாடு படும் என்று எண்ணிப் பாருங்கள்.

நாம் வாழும் கண்டிச் சீமைக்கும் இந்த வழக்கம் புதிதன்று. கண்டிச் சிங்களவர் பெயரின் முன்னால் நீளமாக ஒன்று வருகிறதே, 'கெதர' என்றோ 'லாகே' என்றோ முடிகிறதே, அதுவும் வீட்டுப் பெயர்தான். கெதர என்றால் வீடு. இன்னாருடைய வீட்டான், இன்ன இடத்து வீட்டான் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் கடைசியில் சொந்தப் பெயர் வரும். இரண்டு மூன்று முன்னெழுத்துகளாகச் சுருங்கிப்போனாலும் கலியாணம் பேசும்போது அதை விரித்துக் கேட்காமல் விடமாட்டார்கள். பாஸ்கு மலைக்காரனும் கண்டி மலைக்காரனும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆனாலும் இருவரும் மனிதனை முதலில் கேட்ட கேள்வி ஒன்றே: நீ எந்த வீடு?

நிற்க. இதையெல்லாம் அந்தப் பெரியவருக்கு விளக்கினேன். புதுவீடு என்று அர்த்தம் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நமக்கு வீடே இல்லீங்களே மாஸ்டர், அப்புறம் வீட்டுப் பேரு எதுக்கு?" என்று சொல்லிச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் இருந்தது ஒரு லயத்துக் காம்பராவில்.

வாசகரே, லயத்தைப் பற்றி உங்களில் பலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோப்பிக் காலத்தில் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து புறப்பட்டு, கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே மாத்தளை, கண்டி என்று நடந்து வந்தவர்களுக்காகக் கட்டியது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை நட்டு, கோப்பி அழிந்து, தேயிலை மலையை மூடிய பிறகும் லயம் மாறவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஓர் அறை, அதற்கு முன் ஒரு சிறு திண்ணை. அதுவும் வேலைக்காகத் தந்த இடம். வேலை செய்கிறவனின் சொத்தன்று. அங்கே மனிதனை அடையாளம் காட்டியது கங்காணியின் பெயரும் செக்ரோலில் இருந்த வரியும்தான். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் கடன் தொகை எழுதிய 'துண்டு' வேண்டும். 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை அந்தத் துண்டுதான் பலருக்கு ஊர், பேர் எல்லாம். 'எந்த வீடு' என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. 'எந்தத் தோட்டம்' என்றே கேட்டார்கள்.

அப்படியானால் வீடில்லாதவன் வீட்டுப் பெயரைச் சுமப்பது சரிதானா? அது இரவல் சட்டை போன்றது என்று ஒருவர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏனென்றால் அந்தப் பெயரைப் புகழாக்கியவருக்கே அந்த வீடு நிலைக்கவில்லை. 1512இல் காஸ்தீலியப் படை நவாராவைக் கைப்பற்றியது. 1515இல் தகப்பனார் இறந்தார். அடுத்த ஆண்டு கர்தினால் சிஸ்னேரோசின் உத்தரவின்படி ஷாவியேர்க் கோட்டையின் மதில்களையும் கோபுரங்களையும் இடித்தார்கள். அகழியை மண்ணால் நிரப்பினார்கள். பிரான்சிசுக்கு அப்போது வயது பத்து. தமையன்மார் இழந்த நாட்டை மீட்கப் போரிட்டுத் தோற்றார்கள். 1521இல் பம்பலோனாவில் எதிர்ப்பக்கத்தில் நின்று காலில் குண்டடிபட்டவர்தான் இஞ்ஞாசியார் என்பது இதில் ஒரு விசித்திரம். இப்படி இடிந்துபோன ஒரு புதுவீட்டின் பெயரைத் தூக்கிக்கொண்டுதான் 1525இல் அந்த வாலிபர் பாரிசுக்குப் படிக்கப் போனார். வீடு மனிதனுக்குப் பெயர் கொடுத்தது பழைய கதை. இந்த மனிதருக்குப் பிறகு அந்த வீட்டை உலகம் அறிந்தது இவரால்தான். ஒரு வீட்டின் பெயரை ஊர் பேர் தெரியாத ஏழைப் பிள்ளைகளுக்கு முதற்பெயராக இட்டது பாஸ்கு வழக்கத்தில் இல்லாதது. அவரை நேசித்தவர்கள் செய்தது. பெயர் சுமக்கிறவனுக்கே சொந்தம் என்று நான் பெரியவரிடம் சொன்னேன். தலையாட்டினார்.

ஆனால் இரவு வீட்டுக்கு வந்த பிறகு இன்னொரு கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. அதுதான் கடினமான கேள்வி.

சவேரியாரைப் பற்றிய பிரசங்கங்களில் நாம் அடிக்கடி கேட்பது என்ன? அவர் குலப்பெருமையைத் துறந்தார், உலகப் பட்டங்களைக் குப்பையென எறிந்தார் என்பது. உண்மைதான். அதற்கு ஒரு பத்திரச் சாட்சியே இருக்கிறது. 1531இல் பாரிஸ் மாணவராக இருந்தபோது, தாம் பரம்பரைப் பிரபு என்பதை நீதிமன்றத்தில் நிரூபித்துத் தரும்படி அவர் நொத்தாரிசு முன்பாக ஏற்பாடு செய்தார். மேல் பதவி பெற அந்தப் பத்திரம் உதவும். சாட்சிகள் விசாரிக்கப்பட்டு, தீர்ப்பு அவருக்குச் சாதகமாக 1536 ஓகஸ்டில் வந்தது. இடையில் அவர் இஞ்ஞாசியாரோடு பழகி, 1534 ஓகஸ்ட் 15ஆம் திகதி மொந்மார்த்தர் குன்றில் வறுமை வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டார். பத்திரம் தயாரானபோது அதைக் கேட்டிருந்த ஆள் மாறிவிட்டார். சில மாதங்களில் அவர் கால்நடையாக வெனிசுக்குப் புறப்பட்டார்.

அழகான கதை. நானும் வகுப்பிலே பலமுறை சொல்லியிருக்கிறேன். இப்போது அதே கதையை அந்தக் காம்பராவில் உட்கார்ந்து சொல்லிப் பாருங்கள்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழனிடமும் பரம்பரைப் பத்திரம்தான் கேட்டது. நீ இங்கே பிறந்தது போதாது. உன் தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்டு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டு என்றது. நடந்து வந்தவனின் பேரன் எங்கே போய்க் காட்டுவான்? 1949இல் வந்த இன்னொரு சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள் எட்டு இலட்சத்துக்கு மேல். ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் ஒன்றரை இலட்சம்கூட இல்லை. 1964 ஒக்டோபரில் இரண்டு பிரதமர்கள் ஒப்பமிட்டு 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்து, 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். எஞ்சியிருந்தவர்களுக்கும் வழி திறந்த சட்டம் 2003இல்தான் வந்தது. அந்தப் பெரியவர் குடும்பத்தின் பழைய விண்ணப்பம் ஒரு கந்தோரிலிருந்து திரும்பி வந்ததாம். காரணம்: ஒரு தாளில் தகப்பன் பெயர் சவரிமுத்து, இன்னொன்றில் சவிரிமுத்து. எழுதியவர் யாரோ, தண்டனை யாருக்கோ.

இப்போது கேட்கிறேன். பத்திரத்தைக் கையில் பெற்றவர் அதை விட்டெறிவது துறவு. பத்திரமே கிடைக்காதவனிடம் போய், 'இவ்வுலகப் பெயரும் வீடும் நிலையற்றவை மகனே' என்று சொல்வதற்கு என்ன பெயர்? துறப்பதற்கு முதலில் இருக்க வேண்டும். இல்லாதவனுக்குத் துறவைப் போதிப்பது, பட்டினி கிடப்பவனுக்கு ஒருசந்தியின் மகிமையைச் சொல்வது போன்றது. வீடும் உறுதியும் அடையாள அட்டையும் உள்ள நாம் அதைச் சொல்லும்போது நம் மனச்சாட்சி உறுத்தாமல் இருப்பதுதான் எனக்கு ஆச்சரியம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

'ஆவியில் எளியவர்' என்பது எல்லாருக்கும் சொன்னதல்லவா என்று யாராவது கேட்கலாம். சொன்னதுதான். ஆனால் சவேரியார் தாம் துறந்ததைப் பிறரும் துறக்கட்டும் என்று விட்டாரா என்று பாருங்கள். முத்துக்குளித்துறையில் போர்த்துக்கீச அதிகாரிகள் பரவர்களை வருத்தியபோது அவர் சும்மா இருக்கவில்லை. 1544இல் தம் துணைவருக்கு எழுதிய கடிதங்களிலும், 1545 ஜனவரியில் போர்த்துக்கல் அரசருக்கே எழுதிய கடிதத்திலும் அந்த அதிகாரிகளைப் பற்றிக் கடுமையாக முறையிட்டார். அவர் கடிதங்களில் இன்று நாம் ஏற்க முடியாத கருத்துகளும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் தம் உரிமைப் பத்திரத்தை மறந்த அதே மனிதர் மீனவனுடைய உரிமையை மறக்கவில்லை என்பதும் அந்தக் கடிதங்களிலேதான் இருக்கிறது.

இன்னொன்று. 1544இல் கொச்சியிலிருந்து எழுதும்போது, அந்த மக்களின் தாய்மொழி வேறு, தம் தாய்மொழி பாஸ்கு, ஒருவருக்கொருவர் விளங்கவில்லை என்று அவர் ஒப்புக்கொள்கிறார். இரு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டிச் செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் பண்ணினார். அடுத்த ஆண்டுக் கடிதத்தில், ஞானஸ்நானம் பெறும் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரை எழுதிக் கொடுத்ததாகச் சொல்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவன் கையில் அவன் பெயர் எழுதிய ஓர் ஓலை அல்லது தாள்! அதுவும் ஒரு பத்திரம்தான். அதற்குப் பாட்டன் பூட்டன் சாட்சி கேட்கவில்லை.

மகனின் பக்கத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. சவரிமுத்து என்றால் தோட்டம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவன் பயந்ததை நான் வெட்கம் என்று சொல்லமாட்டேன். பெயரைச் சொல்லி வேலை கேட்கும் இடத்தில் முகம் மாறுவதை அவன் கண்டிருக்கிறான். 1977இலும் 1983 யூலையிலும் இந்த மலைநாட்டில் ஒரு தமிழ்ப் பெயரை உரக்கச் சொல்லவே அஞ்சிய நாட்களை அவன் தகப்பன் கண்டிருக்கிறார். பிள்ளைக்கு இலேசான பெயரைக் கொடுக்க நினைப்பதில் என்ன குற்றம்? பெயரை மாற்றிக்கொள்வது ஏழைக்கு மட்டும்தான் இழுக்கா? நம் கண்டி அரசன் முதலாம் விமலதர்மசூரியன் ஒரு காலத்தில் ஞானஸ்நானம் பெற்று, லெப்பாந்துக் கடற்போரில் வென்ற ஒஸ்திரியா தொன் யுவானின் பெயரையே சூடியிருந்தவன். சிங்காசனம் கிடைத்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டான். சரித்திரம் அதைச் சாமர்த்தியம் என்றே எழுதுகிறது.

ஆனாலும் ஒரு விஷயத்தை அவனிடம் சொன்னேன். சவரிமுத்துவைச் சேவியர் ஆக்கினால் தோட்டம் மறையும் என்று நினைக்கிறாய். உண்மையில் மறைவது எது? 'சவரி' பாஸ்கு நாட்டுச் சொல். 'முத்து' நம்முடைய சொல். தூரதேசத்து வீட்டை வைத்துக்கொண்டு, நம் பாட்டி செல்லமாகச் சேர்த்த சொல்லைத்தானே வெட்டுகிறாய்? அவன் பதில் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. பெயரைச் சுமந்து நேர்முகப் பரீட்சைக்குப் போகப் போவது அவன் பிள்ளை; நானல்ல.

ஞானஸ்நானத்தன்று பதிவேட்டில் எழுதியது சேவியர் முத்து. தகப்பனும் பாட்டனும் பேசி முடிவுக்கு வந்தது அது. எனக்கு முழுத் திருப்தி இல்லை, பெரியவருக்கு இருந்தது.

அவர்களுக்கு ஏழு பேர்ச் காணி அளந்து முளையடித்திருக்கிறார்கள். லயத்துக்குக் கீழே, ஓடைக்கு இந்தப் பக்கம். உறுதி இன்னும் கைக்கு வரவில்லை, அத்திவாரமும் போடவில்லை. கோயிலிலிருந்து திரும்பும் வழியில் பெரியவர் என்னை அங்கே கூட்டிக்கொண்டுபோய் நான்கு முளைகளையும் காட்டினார். புதுவீடு என்பதை அந்த நாட்டுப் பாஷையில் எப்படிச் சொல்வது என்று மறுபடியும் கேட்டார். தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். வாசலில் எழுதலாமா என்று கேட்டார். எழுதலாம் என்றேன்.